விழுங்கினவன் வீட்டுக் குடித்தனம்

ஹாஜரா: கார்டை மூடியாச்சு அண்ணாச்சி. இனி உமக்கு இங்கன மாத்திரை கிடையாது. சந்தோசமா வீட்டுக்குப் போயிட்டு வாரும்.

பலவேசம்: அதெப்படி தாயி... பதினெட்டு மாசம்னு நீங்கதான சொன்னிய? பன்னெண்டுதான ஆயிருக்கு?

ஹாஜரா: உமக்குச் சீக்கிரமாச் சொகமாயிட்டு.

பலவேசம்: எனக்குச் சொகமாகலியே!

ஹாஜரா: பதிமூணு வருசமா இந்தக் காசநோய் ஆஸ்பத்திரியில நர்சா இருக்கேன். மாத்திரை வேண்டாம்னு ஓடுதவனைத் தென்காசி பூரா தொரத்திப் புடிச்சிருக்கேன். எலஞ்சியில ஒருத்தன் என்னைக் கண்டதும் தென்னமரத்துல ஏறிட்டான். குடுங்க குடுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்.

பலவேசம்: அந்தத் தென்னமரத்துக்காரன் எறங்கிட்டானா?

ஹாஜரா: பேச்சை மாத்தாதயும்.

பலவேசம்: இல்ல, ஏறுனவனுக்கு எளநி கிடைக்கும். எனக்கு என்ன கிடைக்கும்? ஆறு மாச மாத்திரை தாயி. அம்புட்டுத்தான் கேக்கேன். அதைக் குடுத்துட்டியன்னா இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்.

ஹாஜரா: இது என்ன தெரியுதா? திங்கக்கிழமை உம்மை நிக்க வச்சு எடுத்த எக்ஸ்ரே. டாக்டர் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, 'இவருக்கு எப்பம்மா நோய் வந்துச்சு'ன்னு கேக்காரு. ஒரு தழும்பு இல்ல, ஒரு பொட்டு இல்ல.

பலவேசம்: எண்ணெய் தேய்க்கிறவன் நெஞ்சு தாயி. தழும்பு நிக்காது. வழுக்கிட்டுப் போயிரும்.

ஹாஜரா: எடை? போன வருசம் அம்பத்தெட்டு கிலோ. இன்னைக்கும் அம்பத்தெட்டு. இந்த மாத்திரை தின்னவன் எல்லாம் கன்னத்துல சதை வச்சு மாப்பிள்ளை கணக்கா வருதான்.

பலவேசம்: நான் மெலிஞ்சு காத்துல பறந்திருப்பேன். மாத்திரைதான் புடிச்சு அம்பத்தெட்டுலயே கட்டி வச்சிருக்கு.

ஹாஜரா: சரி, ஒருவாட்டி இருமும்.

பலவேசம்: இப்பமா?

ஹாஜரா: இப்பந்தான். இந்தா டப்பா. எம் முன்னால துப்பும்.

பலவேசம்: க்ஹூம்... க்ஹூம்... கஹ்...

ஹாஜரா: வெறுந்தொண்டை.

பலவேசம்: தென்காசித் தண்ணிக்கு எனக்கு இருமல் வராது. சாரல் பட்டாத்தான் பொங்கும்.

ஹாஜரா: அதான் ஒவ்வொரு தடவையும் குத்தாலத்துலேர்ந்து டப்பாவுல அடைச்சே கொண்டாந்தீரோ? அது கெடக்கட்டும். ஆனி மாசம். பெரிய அருவிக் கரையில கால் வைக்க எடமில்ல. நீரு எண்ணெய் தேய்க்கிற கல்லை விட்டுட்டுக் காலங்காத்தால இங்கன வந்து உக்காந்திருக்கீரே, சோலி இல்லியா?

பலவேசம்: சோலியா? மூச்சு விட நேரமில்ல. வரிசையில நிக்காங்க. ஒருத்தருக்கு எண்ணெயைத் தேய்ச்சு ஊற வச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஹாஜரா: அவரு இன்னும் ஊறிக்கிட்டா இருக்காரு?

பலவேசம்: பெரிய ஒடம்பு. நாழியாகும்.

வேல்சாமி: அக்கா, என்ன சிரிப்பு இங்கன? லேப்ல உக்காந்து மைக்ராஸ்கோப்புல கண்ணை வைக்க முடியல.

பலவேசம்: வா தம்பி வேல்சாமி! நல்ல நேரத்துல வந்த. ஒரு வருசமா என் சளியைப் பாத்தவன் நீதான். நீயே சொல்லு. சொகமாயிட்டுன்னு சொன்னப்புறமும் கிருமி உள்ள ஒளிஞ்சிருக்குமா, இருக்காதா?

வேல்சாமி: ஒளியுமாவா கேக்கிய? அது ஒளியுத ஒளிப்பு இருக்கே...

ஹாஜரா: போச்சு. மெட்ராசுல மூணு மாசம் படிச்சிட்டு வந்ததுலேர்ந்து இவனைக் கேள்வி கேக்கதுக்கு ஆளில்ல. நீரு மாட்டிக்கிட்டீரு.

வேல்சாமி: நீங்க வாங்க அண்ணாச்சி, கண்ணாலயே காட்டுதேன். அக்கா, நீங்களும் வாங்க. இந்தா... ஒத்தக் கண்ணை இதுல வைங்க. என்ன தெரியுது?

பலவேசம்: என் கண்ணு இமை தெரியுது.

வேல்சாமி: இமைக்காம.

பலவேசம்: ஆங்... நீலமா கெடக்கு. அதுல செவப்பா, குச்சி குச்சியா...

வேல்சாமி: அதுதான் ஆளு. செவப்பு நாங்க ஏத்துன சாயம். ஒருவாட்டி ஏறிட்டுன்னா ஆசிட்டை ஊத்திக் கழுவுனாலும் போகாது. மேல அம்புட்டு மெழுகு.

பலவேசம்: இது யாரு சளி?

வேல்சாமி: உங்க சளிதான்! போன வருசம் மொதமொதல்ல குடுத்தது. இப்படி ஒரு சிலைடு எனக்கு வாய்ச்சதே இல்ல. தூரப் போட மனசு வராம எடுத்து வச்சிருக்கேன்.

பலவேசம்: அடேயப்பா! எம்புட்டுத் திமிரா நிக்கான் பாரு. காறித் துப்புனப்புறமும் கெத்து குறையல. அவனேதான்... அச்சு அசல் அவனேதான்.

ஹாஜரா: எவன்?

பலவேசம்: ...கிருமி.

வேல்சாமி: அந்தக் குச்சியைச் சுத்தி, உடைச்சு ஊத்துன முட்டை மாதிரி பெருசா ஒண்ணு இருக்கா? நான் அதுக்கு விழுங்கின்னு பேரு வச்சிருக்கேன். நம்ம நுரையீரலுக்கு அதான் காவக்காரன். தூசி, கிருமி, எது வந்தாலும் கையை நீட்டி அணைச்சு உள்ள இழுத்து முழுங்கிரும்.

பலவேசம்: அப்ப முழுங்கிட்டான்ல? சோலி முடிஞ்சுதுல்ல?

வேல்சாமி: அங்கனதான் கூத்தே. இந்தக் கிருமி கதவை உடைச்சு நுழையல. காவக்காரனே தூக்கிட்டுப் போயி வீட்டுக்குள்ள எறக்குதான். முழுங்குனதும் கிருமியைச் சுத்தி ஒரு பை உண்டாகும். பக்கத்துல இன்னொரு பை, அதுல எதையும் கரைக்கிற சாறு. ரெண்டு பையும் ஒண்ணாச் சேரணும். சேந்தா ஆளு கரைஞ்சான்.

பலவேசம்: சேரலியா?

வேல்சாமி: சேர விடமாட்டேங்கான்! எப்படி தடுக்கான்னு வெள்ளைக்காரனுக்கே முழுசாப் புடிபடல. படம் மட்டும் எடுத்திருக்கான். சாறு வச்ச பை வெளிய நிக்கு. இவன் உள்ள காலை நீட்டிப் படுத்திருக்கான்.

பலவேசம்: இது என்ன பிரமாதம். எங்க பெரியப்பாவுக்கு நடந்ததுதான இது.

ஹாஜரா: ஆரம்பிச்சுட்டாரு.

பலவேசம்: செண்பகாதேவி அருவிக்கு மேல. நல்ல உச்சி வெயில். மூணு படி நல்லெண்ணெயை ஒடம்பு பூரா தேய்ச்சிட்டுப் பாறையில மல்லாந்து கெடக்காரு. ஒரு மலைப்பாம்பு வந்து முழுங்கிட்டு.

வேல்சாமி: முழுசாவா?

பலவேசம்: பொறவு, கரண்டியால கோரியா தின்னும்? உள்ள போயிப் பாக்காரு. வயித்துச் சாறு சொட்டுச் சொட்டா விழுதாம். இவரு மேல எண்ணெய். ஒரு சொட்டு ஒட்டல. இடுப்புல வெத்தலைப் பை இருந்துருக்கு. ரெண்டு நாளு உக்காந்து போட்டாரு. மூணாம் நாளு சுண்ணாம்பு தீந்துட்டுன்னுதான் வெளிய வந்தாரு.

ஹாஜரா: எந்த வழியா?

பலவேசம்: வாய் வழியாத்தான். அவரு மரியாதைக்காரரு.

வேல்சாமி: அக்கா, சிரிக்காதிய. எண்ணெய்க்குப் பதிலா மெழுகுன்னு வச்சுக்கிட்டா கதை ஒண்ணும் ரொம்பத் தப்பில்ல.

பலவேசம்: நான் என்னைக்குத் தப்பாச் சொல்லியிருக்கேன்? ஏம்பா, இந்தா பொடிசா, வயித்துல மூணு நாலு பொட்டு வச்ச மாதிரி நெறையக் கெடக்கே, இவனுவ யாரு?

வேல்சாமி: சீழ் அணு. பட்டாளத்துக்காரனுவ. அடிதடின்னா மொதல்ல ஓடி வாரது இவனுவதான். இவனுவளும் முழுங்குவானுவ. ஆனா ஆயுசு ஒரு நாளோ ரெண்டு நாளோ. செத்து வெடிச்சா உள்ள இருந்தது வெளிய வந்துரும். அதை இன்னொரு விழுங்கி வந்து அள்ளி முழுங்கும்.

பலவேசம்: ஒரு வாடகை வீடு இடிஞ்சா அடுத்த வீடு. சாமான் செட்டோட.

வேல்சாமி: அதுவும் இல்லாம, நுரையீரல் உள்சுவத்துல ஓடு பதிச்ச மாதிரி ஒரு வகை அணு. அதுக்குக் காவல் வேலை இல்ல. விழுங்கி மாதிரி முழுங்கவும் தெரியாது. அதுக்குள்ளயும் நெருக்கிப் புகுந்துருதுன்னு சில பேரு சொல்லுதாங்க. நான் கண்ணால பாக்கல, அதனால சத்தியம் பண்ணமாட்டேன்.

பலவேசம்: முழுங்குறவனும் வீடு, முழுங்கத் தெரியாதவனும் வீடு! கேட்டியளா தாயி? இம்புட்டு வீடு இருக்கு. எக்ஸ்ரே எந்த வீட்டுலன்னு போயித் தேடும்?

ஹாஜரா: நல்லா வக்காலத்து வாங்குதீரு. பொறவு என்னடா ஆவும், சொல்லு.

வேல்சாமி: வெரட்ட முடியலைன்னதும் ஒடம்பு மதில் கட்டும். விழுங்கிகளே ஒண்ணோட ஒண்ணு நெருங்கி நிக்கிற மதில். உள்ள காத்து பத்தாது, தீனி பத்தாது. வேற கிருமியா இருந்தா செத்துரும். இவன் தூங்கிருவான். வருசக்கணக்கா. முழிச்சிருக்கும்போதே ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ரெண்டாப் பிரிவான், மத்த கிருமிக்கு அது அரை மணி நேர வேலை.

பலவேசம்: அப்ப நம்ம பஞ்சாயத்து ஆபீஸ்ல இருக்க வேண்டியவன்.

வேல்சாமி: அதான் அண்ணாச்சி எமகாதகம். மாத்திரை முழிச்சு வேலை செய்யுதவனைத்தான் நல்லாக் கொல்லும். தூங்குறவன் என்னைக்காச்சும் பொரண்டு படுப்பான், அன்னைக்குப் புடிக்கணும். எந்த நாளுன்னு தெரியாது. அதான் பதினெட்டு மாசம், தெனம் காவல். பாதியில விட்டோம்னா மிச்சம் கெடக்குறவன் எந்திரிப்பான். சில சமயம் அந்த மாத்திரைக்கே அடங்காதவனா எந்திரிப்பான்.

பலவேசம்: எந்திரிச்சா... செத்துருவானா தம்பி?

வேல்சாமி: யாரு, கிருமியா?

பலவேசம்: ஆளு.

வேல்சாமி: நீங்க ஏன் அண்ணாச்சி பயப்படுதிய? உங்க எக்ஸ்ரே கண்ணாடி மாதிரில்லா இருக்கு...

ஹாஜரா: வேல்சாமி, நீ செத்த சும்மா இரு. அண்ணாச்சி, என்னைப் பாரும். ஒரு வருசமா இந்த மாத்திரையை யாரு தின்னுதா?

பலவேசம்: ...ஒரு கொரங்கு.

ஹாஜரா: அண்ணாச்சி!

பலவேசம்: குத்தாலத்துக் கொரங்கைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? கையில எது இருந்தாலும் புடுங்கிரும்.

ஹாஜரா: ஒரு வருசமா? தெனம் ஒண்ணா? ஒரு நாளு தப்பாம?

பலவேசம்: ஒழுக்கமான கொரங்கு.

ஹாஜரா: கொரங்குக்குப் பேரு உண்டா? சொல்லலைன்னா நான் சாவியை எடுத்து மருந்து அலமாரியைப் பூட்டப் போறேன்.

பலவேசம்: அய்யாக்குட்டி.

வேல்சாமி: எந்த அய்யாக்குட்டி? உங்களுக்குப் பக்கத்துக் கல்லுல எண்ணெய் தேய்க்கிறவரா? நீங்க ரெண்டு பேரும் எலியும் பூனையும்லா! பேசிக்கவே மாட்டியளே!

பலவேசம்: பதினோரு வருசமாப் பேச்சு இல்ல. இனியும் கிடையாது. மோசமான பய.

ஹாஜரா: என்னதான் சண்டை உங்களுக்கு?

பலவேசம்: மதுரையிலேர்ந்து ஒரு வக்கீலு வந்தாரு. நான் வலது கையைப் புடிச்சேன், அவன் இடது கையைப் புடிச்சான். ரெண்டு பேரும் விடல. கடைசியில வலப் பக்கம் பூரா நான் தேய்ச்சேன், இடப் பக்கம் பூரா அவன். ஊருக்குப் போயி வக்கீலு கடுதாசி போடுதாரு. 'வலது கை ஒரு இஞ்சு நீண்டுட்டு. கோட்டு தைக்கிறவன் திட்டுதான்'ன்னு. யாரு கை சுத்தம்னு இதுலயே தெரியலியா? அதை அவன் ஒத்துக்கிடல. அன்னையோட பேச்சு முறிஞ்சுது.

ஹாஜரா: பேசாத ஆளுக்கு மாத்திரை மட்டும் எப்படிப் போச்சு?

பலவேசம்: போன வருசம் சீசன் தொடங்குத நேரம். கல்லுல உக்காந்து இருமுதான். இருமிட்டுத் துப்புதான், துப்புனதைத் தண்ணியைத் தள்ளித் தள்ளிக் கழுவுதான். ஏன் இப்படிக் கழுவுதான்னு எட்டிப் பாத்தேன். ரத்தம்.

வேல்சாமி: அடப்பாவமே.

பலவேசம்: அவன் பொண்டாட்டி குருவம்மாள் சாயங்காலம் வந்து அழுதா. 'ஆஸ்பத்திரிக்கு வாரும்னா வரமாட்டேங்காரு. பேரை எழுதிட்டான்னா கல்லு போயிருமாம்'னா. அவன் சொன்னதும் சரிதான். இருமுதவன் கை பட்டா எண்ணெயோட நோயும் ஊறும்னு அருவிக் கரையில ஒரு பேச்சு.

வேல்சாமி: கையில ஒட்டாது அண்ணாச்சி! மூச்சுலதான். அதுவும் மாத்திரை ஒழுங்காத் தின்னா...

பலவேசம்: அதை அருவிக்கிட்டப் போயிச் சொல்லு தம்பி, சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்காது. அதான் நான் யோசிச்சேன். பேரு எழுதுனாத்தான மாத்திரை? என் பேரை எழுதட்டும். குருவம்மாள் காலையில டப்பாவுல சளியைப் புடிச்சுக் குடுப்பா. நான் கொண்டாந்து இருமுத மாதிரி இருமிக் குடுப்பேன். மாத்திரையை அவகிட்டக் குடுத்துருவேன். நுணுக்கிக் கஞ்சியில கலக்கிருவா.

ஹாஜரா: அவருக்குத் தெரியாம?

பலவேசம்: தெரிஞ்சா விடுவானா? நான் குடுத்ததுன்னு தெரிஞ்சா, ஒரு வருச மாத்திரையையும் ஒண்ணு ஒண்ணா எண்ணி வாந்தி எடுப்பான். அம்புட்டு ரோசக்காரன். இருமல் நின்னுட்டு தாயி. சதை போட்டிருக்கான். முந்தாநாளு ஒரு பயில்வானை ஒத்தக் கையால பொரட்டுதான். பாக்க வயிறு எரியுது. ஆறு மாசம்தான் பாக்கி. இந்தா, இவன் சொல்லுத மாதிரி மதிலுக்குள்ள ஒருத்தன் தூங்கிக்கிட்டு இருந்தான்னா?

ஹாஜரா: உம்ம பேரு கெட்டுப்போகுமேன்னு நெனைக்கலியா?

பலவேசம்: என் பேரு என்னைக்கு நல்லா இருந்துச்சு? நான் வாயைத் தொறந்தாலே பொய்யின்னுதான் குத்தாலம் பூரா சொல்லுதான். மெய்யைச் சொன்னாலும் நம்பமாட்டான். எனக்குக் காசம்னு சேதி கசிஞ்சாலும், 'பலவேசம் விடுத கதை'ன்னு சிரிச்சிட்டுப் போயிருவானுவன்னு நெனைச்சேன்.

ஹாஜரா: சிரிச்சாங்களா?

பலவேசம்: ...வாழ்க்கையில அந்த ஒருவாட்டிதான் நம்பிட்டானுவ.

வேல்சாமி: அப்ப எண்ணெய் தேய்ச்சு ஊற வச்சிட்டு வந்தேன்னு சொன்ன ஆளு?

பலவேசம்: கல்லுதான் ஊறுது. சாரல்ல. சித்திரைக்கு அப்புறம் ஒரு ஆளு என் கல்லுல உக்காரல.

ஹாஜரா: இதை மொதல்லயே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி?

பலவேசம்: சொன்னா 'நோயாளியைக் கூட்டிட்டு வா'ம்பிய. அவன் வரமாட்டான். போகட்டும், நீங்க என் பேரை அடிச்சாலும் சரி, போலீஸ்ல குடுத்தாலும் சரி. ஆறு மாச மாத்திரையைக் குடுத்துருங்க. ஒண்ணே ஒண்ணு. நான்தான் குடுத்தேன்னு அவங்கிட்ட மட்டும் சொல்லிராதிய.

ஹாஜரா: கார்டை மூடச் சொன்னது டாக்டர் இல்ல அண்ணாச்சி. போன வெள்ளிக்கிழமை ஒரு ஆளு வந்தாரு. மேசையில கையை ஊனிக்கிட்டு, 'பலவேசம்னு ஒரு கள்ளப்பய பேரு உங்க நோட்டுல இருக்கு, அதை அடிங்க. நோயி அவனுக்கில்ல, எனக்கு. அந்தப் பேரால அவன் கல்லுல ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான், எதிராளி இல்லாம நான் யாருக்குக் காட்டுததுக்குத் தேய்க்க? மிச்ச ஆறு மாசத்துக்கு என் பேரை எழுதுங்க, அருவிக் கரையில நானே சொல்லிக்கிடுதேன்'ன்னாரு. எழுதி மாத்திரையும் குடுத்தாச்சு. திங்கக்கிழமை உம்மை எக்ஸ்ரேக்கு நிக்க வச்சது, அவரு சொன்னது நெசந்தானான்னு பாக்க. 'உமக்கு எப்ப தெரியும்?'னு கேட்டேன். 'மொத நாளு கஞ்சியைக் குடிச்சப்பவே தெரியும். அந்தக் கசப்பு பலவேசத்தோட வேலையாத்தான் இருக்கும்'ன்னாரு. 'பொறவு ஏன் ஒரு வருசமாக் குடிச்சீரு?'ன்னேன். மாத்திரைப் பொட்டலத்தை மடியில சொருகிக்கிட்டு வாசல் வரைக்கும் போனாரு. பொறவு சொன்னாரு... 'தெரிஞ்சேதான் குடிச்சேன்னு அவங்கிட்ட மட்டும் சொல்லிராதிய, தாயி.'